கடல் ஆய்வுக் குழுவில் சமூக அறிவியலாளருக்கு என்ன வேலை?

உவர்நீர் எழுதியது:

வணக்கம். நான் கடல் உயிரியல் ஆள். பவளப்பாறை மீன்கள்தான் என் துறை. எங்கள் குழு ஒரு நிதிக்கு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறது. ஒரு பாறைத் தொகுதியில் மீன்பிடி தடைப் பகுதி எங்கே வரவேண்டும், எவ்வளவு பெரிதாக இருந்தால் மீன்வளம் மீளும் என்பதுதான் ஆய்வுக் கேள்வி. நிதி தருகிறவர்கள் "குழுவில் சமூக அறிவியலாளர் கட்டாயம்" என்கிறார்கள். ஐ.நா. 2021 முதல் 2030 வரையிலான காலத்தைப் பெருங்கடல் அறிவியல் பத்தாண்டாக அறிவித்த பிறகு இந்த நிபந்தனை திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிறது.

வரைவில் ஆறு வேலைப்பகுதிகள். மீன் கணக்கெடுப்பு, லார்வா (முட்டையிலிருந்து வந்து நீரோடு மிதக்கும் மீன் இளசு) நகர்வு, நீரோட்டக் கணினி மாதிரி, மரபணு, தரவுத்தளம் என்று ஐந்து. ஆறாவது, "சமூகப் பங்கேற்பும் விழிப்புணர்வும்". அதற்குத்தான் ஆள் தேடுகிறோம். வெளிப்படையாகச் சொல்கிறேன், ஆள் கிடைத்தால் அவரிடம் என்ன வேலை கொடுப்பது என்று எங்கள் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. இப்படிச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கரையோரம் எழுதியது:

நான் மானுடவியல். மீனவச் சமூகங்கள்தான் ஆய்வுக் களம். அந்த ஆறாவது பகுதிக்குப் பலமுறை கூப்பிடப்பட்டவள் என்ற முறையில் பேசுகிறேன். வழக்கமாக இடம் முடிவாகி, தடைப் பகுதியின் கோடு வரைபடத்தில் ஏறிய பிறகு ஒரு மின்னஞ்சல் வரும். "மக்கள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்கள், நீங்கள் வந்து பேசிப் பார்க்க முடியுமா?" அந்த நேரத்தில் நான் வந்து செய்ய ஒன்றும் இருக்காது. கோட்டை நகர்த்த எனக்கு அதிகாரம் கிடையாது. கோடு ஏன் தவறான இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் கேட்க உங்களுக்கு நேரம் கிடையாது.

உங்கள் துறையிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஃபிலிப்பைன்ஸில் சுமிலான், ஆப்போ என்று இரண்டு சின்னத் தீவுகள். இரண்டிலும் வேலை செய்தது சில்லிமான் பல்கலைக்கழகம். இரண்டிலும் முன்னால் நின்றவர் ஏஞ்சல் அல்காலா என்ற கடல் உயிரியலாளர். சுமிலானில் 1974-ல் தடைப் பகுதி வந்தது. மீன் பெருகியது, தடைப் பகுதிக்கு வெளியே பிடித்தவர்களுக்கும் வரத்து நன்றாக இருந்தது. 1984-ல் உள்ளூர் அரசியல் குலைந்தது, காவல் போயிற்று, உள்ளே வலையும் வெடியும் நுழைந்தன. அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் தீவைச் சுற்றிய மொத்தப் பிடிப்பு ஏறக்குறையப் பாதியாக விழுந்தது.

ஆப்போவில் 1982-ல் வேறு மாதிரி செய்தார்கள். எடுத்த எடுப்பில் கோடு போடவில்லை. முதலில் ஊரோடு பேச்சு. அப்புறம்தான் பாறையில் சுமார் 10 சதவீதத்தை ஒதுக்கினார்கள், காவலை ஊர்க்காரர்களே ஏற்றார்கள். அது பல பத்தாண்டுகள் தாங்கியது. இரண்டு இடத்திலும் உயிரியல் ஒன்றுதான். வேறுபட்டது எது என்பதுதான் உங்கள் திட்டத்தின் முதல் பகுதியாக இருக்கவேண்டும்.

மீன்கணக்கன் எழுதியது:

ஆப்போ கதையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஆப்போவில் ஆள் குடியிருக்கிறார்கள். கரையில் நின்றால் தடைப் பகுதி கண்ணுக்குத் தெரியும், யார் வலை போட்டாலும் பத்து பேர் பார்ப்பார்கள். சுமிலானில் ஊரே கிடையாது, பிடித்தவர்கள் எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள். பேசியதால் வென்றது, பேசாததால் தோற்றது என்று அதற்குள் முடிவு கட்டிவிட முடியாது. மாதிரி எண்ணிக்கை இரண்டுதான், இரண்டிலும் சூழல் வேறு.

நான் மீன்வள மதிப்பீடு செய்கிறவன். சமூக அறிவியல்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, ஒரு சலிப்பு உண்டு. போன வருடம் ஒரு கூட்டுத் திட்டத்தில் நாற்பது பக்க அறிக்கை வந்தது. படித்து முடித்தால் கடைசியில் "அதிகாரம் சமமாகப் பகிரப்படவில்லை" என்று இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த பருவத்துக்கு எத்தனை டன் பிடிக்கலாம் என்று நான் ஒரு எண் சொல்லியாகவேண்டும். அந்த எண்ணில் உங்கள் அறிக்கையை எங்கே நுழைப்பது?

கரையோரம் எழுதியது:

சுமிலானில் காவலுக்கு ஊர் இல்லை என்று நீங்கள் சொன்னது சரியான கவனிப்பு. அதுவும் ஒரு சமூகத் தகவல்தான் என்பதை மட்டும் கவனியுங்கள். யார் எங்கே குடியிருக்கிறார்கள், யாருடைய கண் எங்கே எட்டும் என்பதை மீன் கணக்கெடுப்பில் யாரும் குறிப்பதில்லை.

எண் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் எண்ணுக்குள் மனிதர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வந்து நுழைக்க வேண்டியதில்லை. நியூஃபவுண்ட்லாந்து காட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கனடா 1977-ல் 200 கடல் மைல் எல்லையை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கப்பல்களை விலக்கிய பிறகு அந்த மீன்வளம் மீண்டு வருகிறது என்று மதிப்பீடுகள் சொன்னன. அந்த நம்பிக்கைக்குப் பெரிய ஆதாரம் இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதம், அதாவது ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பது. அது குறையவே இல்லை. ஏன் குறையும்? கப்பல்காரர் மீன் இல்லாத இடத்தில் வலை இழுக்க மாட்டார். ஒலியை அனுப்பி மீனைக் கண்டறியும் சோனார் இருக்கிறது, கூட்டம் எங்கே என்று தேடிப் போவார். மீன் குறையக் குறைய மிச்சமிருந்தது நெருக்கமாகக் கூடியது. கூடிய இடத்துக்குக் கப்பல் போனது. வீதம் அப்படியே நின்றது.

கரையோர மீனவர் வைத்திருந்தது பொறிவலை. கரைக்குப் பக்கத்தில் கட்டி, மீன் தானாக வரும்வரை காத்திருப்பது. அவரால் மீனைத் துரத்த முடியாது. அதனால் மீன் குறைந்தது முதலில் அவருக்குத்தான் தெரிந்தது. வரத்தும் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துவிட்டது என்று 80-களின் நடுவிலேயே சொன்னார்கள். அவர்களுடைய சங்கம் 1986-ல் சொந்தமாக அறிவியலாளர்களை வைத்து அரசின் மதிப்பீட்டைக் கேள்வி கேட்கும் அறிக்கை ஒன்றையும் தயாரித்தது. அது கோரிக்கை மனுவாகப் பார்க்கப்பட்டதே தவிர தரவாகப் பார்க்கப்படவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்பிடித்தலையே நிறுத்தினார்கள். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்தத் தடை விலக 2024 ஆனது.

இழுவைக் கப்பலின் மாலுமியும் பொறிவலை மீனவரும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று யாராவது அந்த இரண்டு தளத்திலும் போய் உட்கார்ந்து கவனித்திருந்தால், பிடிப்பு வீதம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்பது அந்த வேலையைத்தான். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதை அல்ல.

மீன்கணக்கன் எழுதியது:

காட் விஷயம் எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம், மறுக்கவில்லை. முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆய்வுக் கப்பலின் கணக்கெடுப்பு தனியாக நடந்தது. அது குறைவான எண்ணைத்தான் காட்டியது. இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதம் காட்டியதற்கும் இதற்கும் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். பிற்பாடு விழித்துக்கொண்டு 1989-ல் அறிவியலாளர்கள் அந்த வருடம் 125,000 டன்தான் பிடிக்கலாம் என்று வெட்டிச் சொன்னபோது, அரசு 235,000 டன்னுக்கு அனுமதி கொடுத்தது. ஆலைகள் மூடினால் வேலை போகும் என்ற பயம். ஆகவே பாதிப் பிழை கணக்கில், பாதிப் பிழை அரசியலில்.

கரையோரம் அவர்களே, நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்ட அந்த மனநிலையும் உங்கள் ஆய்வுப் பொருள்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். சொல்லிக்கொள்ளுங்கள். :)

வழிப்போக்கன் எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. மீன், பாறை என்றால் ஆள் சம்பந்தப்படுகிறார்கள், புரிகிறது. நீரோட்டம், கடல் வேதியியல் செய்கிறவர்களுக்கும் இது தேவையா? கடல் அமிலமாவதை அளக்க மானுடவியல் எதற்கு?

கரையோரம் எழுதியது:

அளக்கத் தேவையில்லை. எல்லாத் திட்டத்திலும் எங்களைத் திணிக்கவேண்டும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், அது நிதிக்காகப் பேசுகிற பேச்சு. அளந்ததை வைத்து "இந்த இடத்தில் இதைச் செய்யாதே" என்று யாருக்காவது சொல்லப் போகிறீர்கள் என்றால் அப்போது கூப்பிடுங்கள்.

பாறைப்பூ எழுதியது:

மீன்வளத் துறை மாணவி. "மீனவர் சொன்னார்" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள், எந்த மீனவர்? பெரும்பாலான கணக்கெடுப்பு இறங்குதளத்தில் நடக்கிறது. படகு வந்து சேரும் இடத்தில் நின்று எடை போடுவார்கள். படகே இல்லாமல், நீர் வற்றும்போது பாறைமேல் நடந்து சிப்பி, நண்டு, ஆக்டோபஸ் எடுக்கிறவர்கள் அந்தத் தளத்துக்கு வருவதே கிடையாது. இதில் பெரும்பாலோர் பெண்கள். உணவு வேளாண்மை அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி உலக மீன்பிடிப்பில் குறைந்தது 40 சதவீதம் சிறு அளவு மீன்பிடியிலிருந்து வருகிறது. அதன் மொத்தச் சங்கிலியில், வீட்டுத் தேவைக்குப் பிடிப்பதையும் சேர்த்தால், பத்தில் நான்கு பேர் பெண்கள். இறங்குதளக் கணக்கில் இவர்களில் எத்தனை பேர் தெரிகிறார்கள்?

மடகாஸ்கரின் தென்மேற்கில் அந்தாவதோக்கா என்ற ஊரில் 2004-ல் ஆக்டோபஸ் பிடிக்கும் பாறை ஒன்றைச் சில மாதம் மூடி வைத்தார்கள். ஆக்டோபஸ் மளமளவென்று வளரும், ஆயுளும் குறைவு. அதனால் சில மாதத்திலேயே பலன் கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களும் மூட ஆரம்பித்தன. உயிரியல் பார்வையில் அழகான வெற்றி. ஆனால் திறக்கும் நாளை யோசித்துப் பாருங்கள். பாறை திறக்கிறது என்று தெரிந்தால் வெளியூரிலிருந்தும் ஆள் வருவார்கள். கையில் குத்துக்கோலோடு முழங்கால் நீரில் நடந்து போகும் பெண்ணும், முகமூடி போட்டு ஆழத்தில் மூழ்கும் ஆணும் அதே பாறையில் அதே காலையில் இறங்கினால், மூடி வைத்த மாதங்களின் நஷ்டத்தைத் தாங்கியவருக்கே லாபம் போகிறதா? மொத்த எடை ஏறியது என்ற வரைபடம் இதைச் சொல்லாது. பிடித்தவர் வாரியாகப் பிரித்து எழுதினால்தான் தெரியும். அதற்குக் கணக்குத்தாளில் ஒரு பத்தி, அதாவது ஒரு நெடுவரிசை, கூடுதலாகப் போட்டால் போதும். அந்தப் பத்தியைப் போடத் தோன்றுவதற்குத்தான் வேறு துறை ஆள் வேண்டியிருக்கிறது.

மீன்கணக்கன் எழுதியது:

இது எனக்கு வேலைக்கு ஆகிற விஷயம். பத்தி போடுவேன்.

உவர்நீர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். நாங்கள் நேர்காணல் செய்யாமல் இல்லை. போன திட்டத்தில் ஒரு வினாத்தாள் தயாரித்து மாணவர்களை அனுப்பினோம். "சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பிடிக்கிறீர்கள்", "பத்து வருடத்துக்கு முன்னால் எத்தனை கிலோ", "தடைப் பகுதியை ஆதரிக்கிறீர்களா, ஆம்/இல்லை". கிடைத்த பதில்களை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. தடைப் பகுதிக்கு ஏறக்குறைய எல்லோரும் ஆம். மூன்று மாதம் கழித்து அங்கே எல்லோரும் வலை போட்டார்கள்.

கரையோரம் எழுதியது:

உங்கள் மாணவர் யாராக வந்து நிற்கிறார் என்று யோசியுங்கள். கையில் அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அரசு ஆள் மாதிரி இருக்கிறார். "ஆதரிக்கிறீர்களா" என்றால் ஆம் என்பதுதான் மரியாதையான, ஆபத்தில்லாத பதில். அது கருத்து அல்ல, அவரை அனுப்பி வைக்கிற வழி.

"சராசரி" என்று கேட்காதீர்கள். யாரும் தன் வாழ்க்கையைச் சராசரியாக நினைவில் வைப்பதில்லை. கடைசியாகக் கடலுக்குப் போன நாளைக் கேளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், யார் கூட வந்தார்கள், படகு யாருடையது, முதலில் எந்த இடத்துக்குப் போனீர்கள், அங்கே ஏன், கிடைக்காமல் எங்கே மாறினீர்கள், கரைக்கு வந்ததும் மீன் எப்படிப் பிரிந்தது, கடன் கொடுத்தவருக்கு எவ்வளவு போனது. ஒரு நாளின் கதைக்குள் உங்கள் மாதிரிக்கு வேண்டிய முயற்சி அளவும் (மீன்பிடிக்க எவ்வளவு நேரம், எத்தனை ஆள் செலவானது என்பது) இருக்கிறது, தடைப் பகுதி ஏன் மீறப்படும் என்பதும் இருக்கிறது. கடன்காரருக்கு மீன் போயாகவேண்டும் என்ற நிலையில் இருக்கிறவர், பாறை மூடியிருந்தாலும் போவார்.

பத்து வருடத்துக்கு முந்தைய கிலோவும் அப்படித்தான். மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-ல் எழுதியது நினைவிருக்கும், ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது இருந்த அளவையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது என்று. அவர் அதைச் சொன்னது மீன்வள அறிவியலாளர்களைப் பற்றி. மீனவரிடம் கேட்கும்போது அவர் எப்போது கடலுக்குப் போக ஆரம்பித்தார் என்பதைக் கூடவே எழுதுங்கள். மூன்று தலைமுறையின் பதிலைக் கலந்து சராசரி எடுத்தால் குப்பைதான்.

வழிப்போக்கன் எழுதியது:

மீனவர் சொல்வதை மட்டும் அப்படியே நம்பலாமா? அவர்களுக்கும் லாபக் கணக்கு இருக்கிறதே.

கரையோரம் எழுதியது:

அப்படியே எதையும் நம்பக் கூடாது, உங்கள் சோனாரை உட்பட. சரிபார்க்கலாம். பாப் ஜொஹான்ஸ் என்ற கடல் உயிரியலாளர் 1970-களில் பசிபிக் தீவுக்கூட்டமான பலாவுக்குப் போனார். பிறையின் எந்த நாளில், பாறையின் எந்த வாய்க்காலில், எந்த மீன் முட்டையிடத் திரளும் என்று அங்கிருந்த மீனவர்கள் இனம் இனமாகச் சொன்னார்கள். அப்போது அறிவியல் இதழ்களில் அப்படிப் பதிவான இனங்கள் மிகக் குறைவு. மீனவர்கள் சொன்னதை அவர் கேட்டார், கடலில் இறங்கியும் பார்த்தார். அவர் மானுடவியலாளர் அல்ல என்பதைக் கவனியுங்கள். உயிரியலாளராகவே இருந்துகொண்டு கேட்கக் கற்றுக்கொண்டார்.

மீன்கணக்கன் எழுதியது:

இன்னொரு பக்கம் இருந்தும் பார்க்கலாம். சமூக அறிவியலாளர்களே முன்னால் நின்று, எண்ணிக்கையும் பெரிதாக இருந்த வேலையும் உண்டு. ஜோஷுவா சின்னர் தலைமையில் 2016-ல் வந்த ஆய்வு. 46 நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட பாறைகளின் மீன் அளவை எடுத்துக்கொண்டு, ஆள்தொகை, சந்தைத் தூரம், ஆழம், கடலின் உயிர் உற்பத்தித் திறன் எல்லாம் பார்த்து "இங்கே இவ்வளவு மீன் இருக்கவேண்டும்" என்று கணித்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் இருந்தவை 15 இடம், மிகக் குறைவு இருந்தவை 35. அதிகம் இருந்தவை ஆளரவமற்ற இடங்கள் மட்டுமல்ல. கடல்மேல் உள்ளூர் உரிமை, வழக்கத்தில் இருந்த தடைகள், மக்களின் ஈடுபாடு இவை வலுவாக இருந்த இடங்களும் அதில் உண்டு. குறைந்த பக்கத்தில் என் கண்ணில் பட்டது உறைபெட்டி. மீனைப் பிடிக்கவும் சேமிக்கவும் வசதி கூடிய இடங்களில் மீன் குறைவு. பிடித்ததை இன்றே விற்கவோ உண்ணவோ வேண்டும் என்ற நிலை மாறினால் எவ்வளவு பிடிப்பது என்பதும் மாறிவிடுகிறது. உறைபெட்டி எத்தனை என்று எங்கள் மாதிரியில் ஒரு மாறியாக யாரும் போட்டதில்லை.

முன்னால் சொன்ன சலிப்பு எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இந்த மாதிரி வேலைக்கு முதல் நாளிலிருந்தே இரண்டு தரப்பும் ஒரே தரவுத்தாளில் உட்காரவேண்டும். ஆறாவது பகுதியில் ஒருவரைப் போட்டால் வராது.

பாறைப்பூ எழுதியது:

2022 டிசம்பரில் மொன்ட்ரியாலில் நடந்த ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. இனிமேல் வேகமாகக் கோடு போடப் போகிறார்கள், பயமாக இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே வாழ்ந்தவர்களை 1973-க்குள் முழுக்க வெளியேற்றிவிட்டு, 2010-ல் பிரிட்டன் அதே கடலைப் பிரமாண்டமான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. பாறை ஆய்வாளர்கள் பலர் அதை வரவேற்றார்கள், பாறை உண்மையிலேயே நல்ல நிலையில்தான் இருந்தது. அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரிய மொரிஷியஸ் வழக்குப் போட்டு, 2015-ல் நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. "மனிதர் தொடாத பாறை" என்று ஆய்வுக் கட்டுரைகளில் வாசிக்கும்போதெல்லாம் தொட்டவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தோன்றும்.

உவர்நீர் எழுதியது:

எங்கள் குழுக் கூட்டம் முடிந்தது. விழிப்புணர்வு என்ற சொல்லை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டோம். இடம் எது என்பதை முதல் ஒன்பது மாதத்துக்கு முடிவு செய்யாமல் திறந்து வைப்பது என்றும், அந்த மாதங்களில் மீன் கணக்கெடுப்பும் நேர்காணலும் சேர்ந்தே நடக்கும் என்றும் எழுதியிருக்கிறோம். தலைவர் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒன்பது மாதம் கழித்து அவர்கள் சொல்கிற இடத்தில் லார்வாவே வராது என்றால் என்ன செய்வாய்" என்றார். நியாயமான கேள்வி, பதில் இல்லை. பணத்தில்தான் பெரிய சண்டை. கப்பல் நாட்களைக் குறைத்து ஒரு முழுநேரக் கள ஆய்வாளருக்குச் சம்பளம் ஒதுக்கவேண்டும் என்றதும் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். கடைசியில் மரபணுப் பகுதியில் கை வைத்தோம், அந்த நண்பர் என்னோடு பேசுவதில்லை.

கரையோரம் எழுதியது:

லார்வா வராத இடத்தை ஊரார் சொன்னால், வராது என்று அவர்களிடமே சொல்லுங்கள். மாதிரியைத் திரையில் போட்டுக் காட்டுங்கள். அங்கே சண்டை வந்தால் நல்லது, விண்ணப்பம் எழுதும்போது வருகிற சண்டையைவிட.

ஒன்று மட்டும் இப்போதே எழுத்தில் போட்டுவிடுங்கள். நேர்காணல் ஒலிப்பதிவும், மீனவர் கை காட்டிய மீன்பிடி இடங்களின் வரைபடமும் யாருக்குச் சொந்தம்? நிதி தருகிறவர்கள் எல்லாத் தரவையும் பொதுவில் வைக்கச் சொல்வார்கள். உங்கள் மீன் கணக்கெடுப்பை வையுங்கள். ஆனால் களவா மீன் முட்டையிடத் திரளும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பொதுவில் வைத்தால், அதைச் சொன்னவர் அடுத்த பிறைக்கு அங்கே போகும்போது வெளியூர்ப் படகுகள் நிற்கும்.

மீன்கணக்கன் எழுதியது:

அதற்கு ஒரு வழி இருக்கிறது. இடத்தைக் கட்டங்களாகப் பெரிதாக்கி வெளியிடலாம், நுணுக்கமான புள்ளியைக் குழுவுக்குள்ளேயே பூட்டி வைக்கலாம். கப்பல் நகர்வுத் தரவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யாமல், இடத்தைச் சொன்னவர்களிடம் கேளுங்கள்.

பாறைப்பூ எழுதியது:

கேட்கும்போது படகு வைத்திருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.